சாரத்தின் மேல் நின்ற சித்திரக்காரர்

(தொழிலாளர் படிப்பு வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று மாலை நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சித்திரம். பஞ்சப்படியைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் சித்திரம் எதற்கு என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். கடைசிவரை உட்கார்ந்து கேட்டால், நாம் பேசியதும் கூலியைப் பற்றித்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார்.

நாங்கள் சுவரிலும் துணியிலும் எழுதிப் பிழைத்தவர்கள். மில் வாசலில் வைத்த சங்கத் தட்டிகளை எழுதியிருக்கிறோம். சினிமாக் கொட்டகைக்குப் பேனர் எழுதியிருக்கிறோம். கையகலப் போட்டோ ஒன்றைக் கொடுப்பார்கள். அதன் மேல் பென்சிலால் கட்டம் போடுவோம். துணியிலும் அதே கட்டத்தைப் பெரிதாகப் போடுவோம். ஒரு கட்டத்தில் மூக்கு, ஒரு கட்டத்தில் பாதிக் கண். சாரத்தில் நிற்கும்போது முகம் தெரியாது. வெறும் வர்ணம்தான் தெரியும். கீழே இறங்கித் தெருவைத் தாண்டி நின்று பார்த்தால்தான் நடிகர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று புரியும். பிறகு ஃபிளக்ஸ் அச்சு வந்தது, அந்த வேலை போயிற்று. அது வேறு கதை. படத்தைப் பார்த்துப் படம் எழுதுவது எப்படி என்பது எங்களுக்குத் தெரியும் என்று சொல்லத்தான் இதைச் சொன்னோம்.

இதே வேலையைச் செய்து உலகப் புகழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். சினிமா நட்சத்திரம், சித்திரக்கதை வீரன், மளிகைக் கடை டப்பா, சோப்புப் பெட்டி ஆகியவற்றைப் பார்த்து வரைந்து, கலைக்கூடத்தில் மாட்டி, லட்சக்கணக்கான டாலருக்கு விற்றவர்கள். இந்தக் கலைக்குப் ‘பாப் கலை’ என்று பெயர். ஜனங்களிடையே பரவியிருப்பது என்ற அர்த்தத்தில் வந்த பெயர் அது. ஜனங்களின் பெயரைச் சொல்லி நடக்கிற காரியத்தில் ஜனங்களுக்குக் கிடைத்தது என்ன என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டாமா?

சூப் டப்பாவின் கதை

1956 ஆகஸ்டில் லண்டன் நகரத்தின் கிழக்குப் பகுதியில், துறைமுகத் தொழிலாளிகளும் தையல் தொழிலாளிகளும் நிறைந்த வட்டாரத்தில், ஒயிட்சேப்பல் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. ‘இதுதான் நாளை’ என்பது அதன் பெயர். சித்திரக்காரர்களும் சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் 12 குழுக்களாகப் பிரிந்து, ஆளுக்கொரு பகுதியை அமைத்தார்கள். ஒரு குழு சினிமாவில் வந்த இயந்திர மனிதனின் உருவத்தையும், மர்லின் மன்றோவின் படத்தையும், காசு போட்டால் பாடுகிற பாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தது. அந்தக் கண்காட்சிக்காக ரிச்சர்ட் ஹாமில்டன் அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி ஒரு சித்திரம் செய்தார். அதில் பயில்வான் ஒருவர் கையில் பெரிய மிட்டாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மிட்டாயின் மேல் ‘பாப்’ என்று எழுதியிருக்கும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை ஒட்டியே பலரும் படைத்து, ஒரே கூடத்தில் வைப்பது என்ற பழக்கத்துக்கு இது நல்ல உதாரணம்.

அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போவோம். ஆண்டி வார்ஹால் என்பவர் 1928-ல் பிட்ஸ்பர்க் என்ற எஃகு நகரத்தில் பிறந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தந்தை உடலுழைப்பாளி. மகன் நியூயார்க்குக்கு வந்து பத்திரிகைகளுக்கும் செருப்புக் கம்பெனிக்கும் விளம்பரப் படம் வரைந்தார். 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் ஃபெரஸ் கலைக்கூடத்தில் 32 சித்திரங்களை வைத்தார். 32-ம் கேம்ப்பெல் கம்பெனியின் சூப் டப்பா. ஒன்று தக்காளி, ஒன்று பட்டாணி என்று, கம்பெனி எத்தனை வகை விற்றதோ அத்தனை சித்திரம். கடை அலமாரியில் அடுக்குவது போல் சுவரோரமாக ஒரே வரிசையில் அடுக்கி வைத்தார்கள்.

ஊரார் சிரித்தார்கள். பக்கத்துக் கலைக்கூடம் ஒன்று நிஜ டப்பாக்களை ஜன்னலில் அடுக்கி, எங்களிடம் மலிவு என்று கேலி செய்தது. ஒரு சித்திரம் 100 டாலர் என்று விலை வைத்தார்கள். ஐந்தாறுதான் விலை பேசப்பட்டன. கூடத்தை நடத்திய இர்விங் ப்ளம் என்பவர் வாங்கியவர்களிடம் பேசித் திரும்பப் பெற்று, 32-ஐயும் சேர்த்து 1,000 டாலருக்குத் தாமே எடுத்துக்கொண்டார். அதையும் மாதாமாதம் தவணையில் கொடுத்தார். 1996-ல் அந்த 32 சித்திரங்களும் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துக்குப் போயின. அப்போது அவற்றின் மதிப்பு சுமார் 1.5 கோடி டாலர்!

இடையில் அந்தத் துணியில் ஒரு நூல் கூடியதா? ஒரு துளி வர்ணம் கூடியதா? கூடவில்லை. நெல்லை அறுவடையில் மலிவாக வாங்கிப் பூட்டி வைத்து, விலை ஏறும்போது வெளியே எடுக்கிற வியாபாரி உங்களுக்குத் தெரிந்தவர்தான். சித்திரச் சந்தையிலும் அதே கணக்குத்தான் நடக்கிறது.

வார்ஹால் பிறகு கையால் வரைவதைக் குறைத்துக்கொண்டார். துணி ஆலையில் சேலைக்குப் பூ அச்சிடுகிற ஸ்கிரீன் சட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வலைத்துணி, ரப்பர் தகடு, வர்ணம். ஓர் இழுப்பு இழுத்தால் ஒரு படம். அதையே அவர் பிடித்துக்கொண்டார். 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்ததும், அந்த அம்மையாரின் பழைய சினிமாப் போட்டோவை வைத்து வரிசை வரிசையாக முகங்களை அச்சிட்டார். தம்முடைய சித்திரசாலைக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஃபாக்டரி’! நம் ஃபாக்டரிக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். அங்கே சங்கம் கிடையாது.

பெட்டியை வரைந்தவர் யார்?

1964 ஏப்ரலில் நியூயார்க் ஸ்டேபிள் கலைக்கூடத்தில் வார்ஹால் மரப்பெட்டிகளை அடுக்கி வைத்தார். தச்சர்கள் செய்த பெட்டிகள். உதவியாளர்களோடு சேர்ந்து வர்ணமடித்து அச்சிட்டது. பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ என்ற பொருள் கடைக்கு வருகிற அட்டைப்பெட்டியைப் போலவே அவற்றில் பல இருந்தன. கலை எது, சாமான் எது என்று பெரிய பெரிய பண்டிதர்கள் விவாதித்தார்கள்.

ஆனால் அந்தப் பெட்டியின் சிவப்பு நீல அலைகளையும் எழுத்துக்களையும் முதன்முதலில் போட்டவர் ஒருவர் இருந்தாரே! ஜேம்ஸ் ஹார்வி என்பது அவர் பெயர். அவரும் ஒரு சித்திரக்காரர். பகலில் வயிற்றுப்பாட்டுக்காகக் கம்பெனிகளுக்குப் பெட்டி வரைந்தார். மற்ற நேரத்தில் தம் மனசுக்குப் பிடித்த சித்திரங்களை வரைந்தார். 1961-ல் பிரில்லோ பெட்டியை வரைந்ததற்கு அவருக்குக் கிடைத்தது உத்தியோகச் சம்பளம். வார்ஹாலின் கண்காட்சிக்கு ஹார்வியும் போயிருந்தார். கடையில் சில சென்ட் பெறுமானமுள்ள தம் பெட்டியின் நகல், அங்கே நூற்றுக்கணக்கான டாலர் விலையில் இருப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். அடுத்த வருஷமே, 1965-ல், இறந்துவிட்டார். 2010-ல் அந்த மரப்பெட்டிகளில் ஒன்று மட்டும் ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

இதில் வார்ஹாலைத் திருடன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை ஹார்வியே பெரிய காரியமாக நினைக்கவில்லை. பிழைப்புக்காகச் செய்வது வேலை, மனசுக்காகச் செய்வது கலை என்று அவரும் பிரித்து வைத்திருந்தார். பெட்டியின் அழகைப் பார்த்து, கூடத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தவர் வார்ஹால்தான். அந்தக் கண் அவருக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது. நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கூடத்தின் நடுவில் வைக்கும் அளவுக்கு அழகான பெட்டியைச் செய்தவனுடைய பெயர் ஏன் கூடத்துக்குள் வரவில்லை?

சித்திரக்கதைக்காரர்களின் கதையும் இதுதான். சூப்பர்மேன் என்ற வீரனை உண்டாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். 1938-ல் கதையோடு சேர்த்து எல்லா உரிமையையும் 130 டாலருக்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1961-ல் வார்ஹால் அதே சூப்பர்மேனைப் பெரிதாக வரைந்தார். நியூயார்க் ஜவுளிக்கடை ஒன்றின் ஜன்னலில் பொம்மைகளுக்குப் பின்னால் அது நின்றது. படைத்த இருவரும் வறுமைப்பட்டார்கள். சக சித்திரக்காரர்கள் ஒன்று சேர்ந்து பத்திரிகைகளில் குரல் எழுப்பிய பிறகுதான், 1975-ல் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், புத்தகத்தில் அவர்கள் பெயரும் திரும்பக் கிடைத்தன. கவனியுங்கள்: தனித்தனியாக இருந்தவரை கிடைக்காதது, கூட்டாகக் கேட்டபோது கிடைத்தது.

ராய் லிக்டன்ஸ்டைன் 1963-ல் வரைந்த ‘வாம்!’ என்ற விமானச் சண்டைச் சித்திரம் 1966-ல் லண்டன் டேட் கலைக்கூடத்துக்குப் போயிற்று. அது 1962-ல் வந்த யுத்தச் சித்திரக்கதைப் புத்தகத்தில் இர்வ் நோவிக் வரைந்த ஒரு சின்னக் கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. சித்திரம் மியூசியத்துக்குப் போயிற்று. கட்டத்தை வரைந்தவர் அடுத்த புத்தகத்துக்குப் படம் போடப் போனார்.

சாரத்திலிருந்து இறங்கியவர்

இந்தக் கூட்டத்தில் எங்களுக்கு நெருக்கமானவர் ஒருவர் உண்டு. ஜேம்ஸ் ரோஸன்குவிஸ்ட். 1933-ல் பிறந்து 2017-ல் காலமானார். எங்களைப் போலவே விளம்பரப் பலகை எழுதிய தொழிலாளி. 1957 முதல் 1960 வரை நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் சாரம் கட்டி, நடிகர் நடிகைகளின் முகங்களையும், தின்பண்டங்களையும், சாராயப் புட்டிகளையும் வீட்டளவு பெரிதாக எழுதினார். பெயின்டர்களின் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தார்.

1960-ல் அவரோடு வேலை செய்த இருவர் சாரத்திலிருந்து விழுந்து செத்தார்கள். அதன் பிறகு அவர் அந்த வேலையை விட்டார்.

தோழர்களே, சாரத்தில் ஏறியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கயிறு இற்றுப் போயிருக்கும், மூங்கில் பிளந்திருக்கும், நாளைக்குப் படம் வெளியாகிறது, இன்றைக்கு ராத்திரிக்குள் முடி என்பார்கள். எங்களோடு எழுதியவர்களிலும் விழுந்தவர்கள் உண்டு. கீழே கூட்டம் கூடிப் பார்த்தது. பேனர் மட்டும் சொன்ன நேரத்துக்கு ஏறிற்று.

ரோஸன்குவிஸ்ட் கீழே இறங்கினாரே தவிர, சாரத்தில் கற்றதை விடவில்லை. கிட்டத்தில் நின்றால் முகம் தெரியாது, வெறும் வர்ணம்தான் தெரியும் என்றோமே, அதையே தம் சித்திரத்துக்கு முறையாக்கிக்கொண்டார். 1964-லும் 1965-லுமாக ஒரு சித்திரம் வரைந்தார். உயரம் 10 அடி. நீளம் 86 அடி. பெயர் ‘எஃப்-111’. அப்போது அமெரிக்க சர்க்கார் ஜனங்களின் வரிப்பணத்தைக் கொட்டிச் செய்துகொண்டிருந்த குண்டுவீச்சு விமானத்தின் பெயர் அது. வியட்நாம் யுத்தம் முற்றிக்கொண்டிருந்த காலம். 86 அடி நீளத்துக்கும் விமானம் நீண்டு கிடக்கிறது. அதன் மேல் டயர், கேக், மின்சார பல்புகள், தலைமுடி உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெண் குழந்தை, அணுகுண்டுப் புகை, அந்தப் புகைக்கு மேலே ஒரு வர்ணக் குடை, கடைசியில் தட்டு நிறையச் சேமியா போன்ற உணவு. எல்லாம் விளம்பரத்தில் பளபளக்கிற மாதிரியே பளபளக்கின்றன.

1965-ல் நியூயார்க்கில் காஸ்டெல்லி கலைக்கூடத்தின் நான்கு சுவர்களையும் சுற்றி அதை மாட்டினார்கள். பார்க்க வந்தவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் விமானம். தப்பிக்க இடமில்லை. டயர் வாங்குகிறவன், கேக் தின்கிறவன், குழந்தைக்குத் தலை சீவுகிறவன் எல்லோரும் அந்த விமானத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது படத்தைப் பார்த்தாலே விளங்கும். பக்கம் பக்கமாகப் பிரசங்கம் தேவைப்படவில்லை. துண்டு துண்டாகப் பலருக்கு விற்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு பணக்காரர் முழுவதையும் வாங்கிக்கொண்டார். இன்று அதுவும் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் இருக்கிறது. ரோஸன்குவிஸ்ட்டும் பிறகு வசதியாகவே வாழ்ந்தார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் விளம்பரப் பலகையின் பாஷையிலேயே, விளம்பரம் சொல்லாத உண்மையைச் சொல்ல முடியும் என்று அவர் காட்டினார்.

சூப் டப்பாவைச் சூப் டப்பாவாகவே காட்டுவது ஒரு வழி. அந்த டப்பாவுக்கும் குண்டு விமானத்துக்கும் உள்ள உறவைக் காட்டுவது இன்னொரு வழி. சாரத்தில் நின்ற மனிதருக்கு இரண்டாவது வழி தென்பட்டதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை.

பாதி வாரம்

இப்போது நடப்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட கண்காட்சிகள் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தன. லாஸ் ஏஞ்சலீஸில் 2004-ல் தொடங்கிய ‘கேலரி 1988’ என்ற கூடம், சினிமா, டெலிவிஷன், சித்திரக்கதை ஆகியவற்றை ஒட்டிய சித்திரங்களையே வைத்துப் பேர் வாங்கியது. 2007 முதல், ரசிகர்கள் விடாமல் கொண்டாடுகிற சினிமாப் படங்களை மட்டும் பொருளாக வைத்து ஒரு தொடர் கண்காட்சி நடத்தியது. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்போக் ஆர்ட் என்ற கூடம் 2010-ல் வெஸ் ஆண்டர்சன் என்ற ஒரே டைரக்டரின் படங்களைப் பொருளாக வைத்துக் கண்காட்சி தொடங்கியது.

இதில் நல்ல அம்சம் இருக்கிறது. கோடீஸ்வரன் மட்டுமல்ல, சாதாரண ரசிகரும் வந்து பார்க்கிறார். அசல் சித்திரம் வாங்க முடியாதவர் அச்சுப் பிரதியைச் சின்ன விலைக்கு வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்கிறார். பெயர் தெரியாத இளம் சித்திரக்காரருக்கும் ஒரு சுவர் கிடைக்கிறது. தமக்குப் பிடித்த படத்தை நேசித்து வரைகிறவர்கள் இவர்கள். அந்த நேசத்தை நாம் ஏளனம் செய்யக் கூடாது.

ஆனால் கணக்கு எப்படி? விவசாயத் தொழிலாளித் தோழர்கள் நன்றாகக் கேளுங்கள். கூடம் பொருளைச் சொல்லும்; தேதியைச் சொல்லும். துணி, வர்ணம், சட்டம் எல்லாம் சித்திரக்காரர் செலவு. அனுப்புகிற செலவும் பெரும்பாலும் அவர் தலையில்தான். பல நாள் உட்கார்ந்து வரைவதற்குக் கூலி இல்லை. விற்றால், வழக்கமாகப் பாதி கூடத்துக்கு, பாதி சித்திரக்காரருக்கு. விற்காவிட்டால் படம் வீட்டுக்குத் திரும்பி வரும். விதை நம்முடையது, ஏர் நம்முடையது, உழைப்பு நம்முடையது, விளைந்தால் களத்திலேயே பாதி அளந்து கொடு என்பதற்குப் பெயர் என்ன? வாரச் சாகுபடி! அதே வாரம்தான், வெள்ளைச் சுவருக்குள் நடக்கிறது. கூடத்துக்கும் வாடகை உண்டு, விளக்கு உண்டு என்பது நமக்குத் தெரியும். ஆனால் நஷ்டம் முழுவதும் ஒருவருக்கு, லாபம் இருவருக்கு என்ற ஏற்பாட்டை நாம் புதிதாகப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் சட்டம் வேறு இருக்கிறது. சினிமாப் பாத்திரத்தின் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது. அனுமதியில்லாமல் வரைந்து விற்றால், கம்பெனி நினைத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். சின்னச் சித்திரக்காரர் எதிர்த்து நிற்க முடியுமா?

சட்டம் எப்போதும் பெரியவன் பக்கம்தானா என்றால், 2023 மே மாதத்தில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் சொன்ன ஒரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். லின் கோல்ட்ஸ்மித் என்ற போட்டோக்கார அம்மையார் 1981-ல் பிரின்ஸ் என்ற பாடகரைப் படமெடுத்தார். 1984-ல் அதை வைத்து ஒரு படம் வரைந்து ஒரு முறை வெளியிட ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்தது, வரைந்தவர் வார்ஹால். வார்ஹால் அதே போட்டோவிலிருந்து வேறு பல படங்களும் செய்து வைத்தார். பாடகர் இறந்த 2016-ல், அவற்றில் ஒன்றை இன்னொரு வெளியீட்டுக்காக 10,000 டாலருக்குக் கொடுத்தது வார்ஹால் பெயரால் நடக்கும் ஸ்தாபனம். போட்டோ எடுத்தவருக்குக் காலணா இல்லை. அவர் பெயரும் இல்லை. அவர் விடவில்லை. ஏழு நீதிபதிகள் அவர் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். பத்திரிகைக்குப் படம் கொடுப்பது என்ற அதே காரியத்துக்காக அதை இன்னொருவர் விற்பது நியாயமான உபயோகம் ஆகாது என்று கோர்ட் தீர்ப்பளித்தது. இதனால் புதிதாக வரைகிறவர்கள் கை கட்டப்படுமே என்று அஞ்சியவர்களும் உண்டு. அந்த அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் ஒருவர் படத்தைப் பார்த்துத்தான் இன்னொருவர் கற்கிறார். நாங்களும் அப்படித்தான் கற்றோம். ஆனால் கற்பது வேறு. கற்றதற்கு நன்றி சொல்லாமல் காசை மட்டும் எடுத்துக்கொள்வது வேறு.

நாம் செய்யக் கூடியது

ஆகவே தோழர்களே, ஜனங்களுக்குப் பிடித்த சினிமாவையும் கதையையும் பார்த்து வரைவது மட்டமான வேலை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். உலகத்தின் பெரிய மியூசியங்கள் அதைத்தான் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றன. அதே சமயம், ஒரு சித்திரத்தின் முன்னால் நிற்கும்போது விலையைக் கேட்டு வாய் பிளக்காதீர்கள். இதை முதலில் செய்த கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். நீங்கள் நெய்த துணி கடைக்குப் போகும்போது அதில் உங்கள் பெயர் இருப்பதில்லை. ஆகையால் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

ஒரு சின்னக் காரியத்தை நம்மிடமிருந்தே தொடங்கலாம். நம் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு இத்தனை வருஷமாக எத்தனை தட்டி எழுதியிருக்கிறோம்! எழுதியவர் பெயர் ஒன்றிலாவது உண்டா? நாங்களே போட்டுக்கொள்ளவில்லை, கூச்சப்பட்டோம். பேனர் வேலை செய்த காலத்தில் சாரத்திலிருந்து விழுந்த தோழரின் பெயர், அவர் எழுதிய நூற்றுக்கணக்கான பேனர்களில் எதிலும் கிடையாது. துணியும் போயிற்று, பெயரும் போயிற்று.

வருகிற விழாவில் ஒரு சுவரை ஒதுக்குங்கள். நம் ஆலையையும் வயலையும் பொருளாக வைத்து, வரையத் தெரிந்தவர்கள் வரையட்டும்; உங்களுக்குப் பிடித்த சினிமா நாயகனையே மில் வாசலில் நிறுத்தி வரைந்தாலும் சரி. துணிக்கும் வர்ணத்துக்கும் சங்க நிதி கொடுக்கட்டும். போட்டோவைப் பார்த்து வரைந்தால், போட்டோ எடுத்தவர் பெயரையும் கீழே எழுதுவோம். சாரம் கட்டினால் நல்ல கயிறாக, நல்ல மூங்கிலாகப் பார்த்துக் கட்டுவோம்.

முதல் தட்டியை நாங்கள் எழுதித் தருகிறோம். அதன் மூலையில், விழுந்த அந்தத் தோழரின் பெயர் இருக்கும்.